லாஞ்சு போகிறது என்று சொன்னேன்

12 நவம்பர் 1974, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. கடும் வாடைக்காற்று. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கூரை ஒழுகி என் மேஜைக் காகிதங்கள் எல்லாம் ஈரம். ஹெட்கிளார்க் வழக்கம்போல: "ராஜா வந்துட்டாருலே, எல்லாரும் எந்திரிங்க." சிரித்து வைத்தேன்.

இந்த மாதம் ராஜாவாகப் போக வேண்டியவை: ஆறுமுகநேரிப் பள்ளி ஆண்டு விழா, பரிசு கொடுக்க. சாத்தான்குளம் பக்கம் ஒரு கும்பாபிஷேகம், முதல் மரியாதை. ஒரு கல்யாணம். அப்பாவின் தலைப்பாகையில் பூச்சி அரித்த ஓட்டை. மனைவி மீனாட்சி அதே நிறத்தில் நூல் தேடுகிறாள். ஜமீன் போய் இருபது வருஷத்துக்கு மேல்.

சாயங்காலம் கரையிலிருந்து தொம்மை வந்தார், மீனவர்களுக்குப் பெரியவர். கூடவே ரோசம்மாள், அவர் அண்ணன் மகன் சிலுவையின் மனைவி. இருவரும் சொட்டச் சொட்ட. விடியலில் சங்கு குளிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. ஐந்து பேர். சிலுவையும் அதில். மற்ற வள்ளங்கள் காற்றைப் பார்த்துக் கரைக்கு வந்துவிட்டன.

"நீங்க வெத்தில குடுத்து அனுப்புன வள்ளம்லா ராசா," என்றார் தொம்மை.

உண்மைதான். சீசன் தொடங்கும் நாளில் முதல் வள்ளத்துக்கு வெற்றிலை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு மிஞ்சிய வேலைகளில் ஒன்று.

"சர்க்கார் மோட்டார் லாஞ்சு ஒண்ணு தேடிப் போகணும். எங்கள கேட்டுக்குள்ளயே விட மாட்டாவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா அதிகாரி தட்ட மாட்டாவ."

காலையில் போகிறேன் என்றேன்.

13, புதன்

ஆபீஸுக்கு லீவு. அப்பாவின் கோட்டு. தோள் பக்கம் தொளதொள.

ஒன்பதரைக்கு மீன்துறை அதிகாரி அலுவலகம். வாசல் பியூன் என்ன விஷயம் என்றான். விஷயத்தைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லி, ஜமீன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அது போதும் என்று நினைத்தேன்.

"ஜமீன்லாம் இப்பமும் இருக்கா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்று. ஒன்று. மூன்று. கூப்பிடுவார்கள், வெளியே வந்து கைகூப்பி உள்ளே அழைத்துப் போவார்கள் என்றே கடைசி வரை இருந்தேன். நாலு மணிக்குப் பியூன்: "ஐயா பின்வாசல் வழியா மீட்டிங் போயிட்டாங்களே."

வெளியே மழையில் தொம்மை, ரோசம்மாள், இன்னும் பத்துப் பேர்.

"என்ன சொன்னாவ ராசா?"

"லாஞ்சு போகிறது."

என் வாய்தான் சொன்னது. எல்லோரும் கும்பிட்டார்கள். தொம்மை திரும்பி, "அப்பம் நம்ம வள்ளத்த இறக்காண்டாம்லே. இந்தக் காத்துல நாம போயி என்னத்துக்கு? லாஞ்சு பாத்துக்கிடும்," என்றார்.

காதில் விழுந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

14, வியாழன்

தூக்கமில்லை. தூறல்தான் இன்று. எட்டு மணிக்கே போய் அதிகாரியை மாடிப்படியில் மறித்தேன். ஜமீன் கிமீன் எதுவும் சொல்லவில்லை. ஐந்து பேர், வள்ளம், செவ்வாய் விடியல்.

அங்கேயே நின்றுவிட்டார். "செவ்வாய்க்கிழமையா? நேத்தே சொல்லியிருக்கலாமே சார். வாசல்ல ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருந்தாக்கூட அனுப்பியிருப்பேனே."

போன் செய்தார். ஒன்பதரைக்கு லாஞ்சு புறப்பட்டது. அவ்வளவுதான். ஒரு போன்.

15, வெள்ளி

நேற்று மதியம் தீவுப் பக்கம் கவிழ்ந்த வள்ளத்தைக் கண்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் உயிரோடு. ஒருவன் முதல் நாளே போய்விட்டானாம், உடல் கிடைக்கவில்லை. சிலுவை உடல் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்து. ஒருவன்: "சிலுவ நேத்து விடியுத வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் கெடந்தான் ராசா. பொறவு கை விட்டுட்டான்."

நேற்று விடியும் வரை.

மீ. சோறு வைத்தாள். இறங்கவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

16, சனி

அடக்கம். மேகமூட்டம், மழை இல்லை. மாதா கோயிலில் எனக்கு மட்டும் நாற்காலி. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. தொம்மை எல்லோர் முன்னும்: "ராசா மட்டும் இல்லன்னா மூணு உசிரும் போயிருக்கும்." குழியில் முதல் பிடி மண் நான் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். எத்தனையோ இடத்தில் முன்னே நின்றிருக்கிறேன். இப்படி நின்றதில்லை.

17, ஞாயிறு

வெயில். மீ.யிடம் சொல்லாமல் கரைக்குப் போனேன். ரோசம்மாள் வீட்டு வாசலில் தனியாக. உட்காரவில்லை, நின்றே சொன்னேன்.

"புதன்கிழமை லாஞ்சு போகவில்லை. அதிகாரியை நான் பார்க்கவே இல்லை. போகிறது என்று உங்களிடம் பொய் சொன்னேன்."

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றும்.

"இத வேற யார்ட்டயும் சொன்னியளா?"

இல்லை.

"சொல்லிராதிய. வள்ளத்த இறக்காண்டாம்னு சொன்னது தொம்ம மாமா. தெரிஞ்சா அவுக உசிர வச்சிருக்க மாட்டாவ. எனக்கு இருக்கது அவுக ஒருத்தவுகதான்."

பிறகு: "நீங்க போங்க."

பஸ் நிறுத்தம் போகும் வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார் தொம்மை. என்னைக் கண்டதும் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.