லவுரிட்ஸுக்கு வரவேற்பு வேண்டாம்

பிரேடெப்ரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லவுரிட்ஸ்,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். எரிச்சலாக இருக்கிறேன். உன் எடைக் குறைப்புப் பள்ளியில் போனை வாங்கி வைத்துக்கொள்வதும் ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் "சரி சரி" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ எழுதியது கிடைத்தது. ஒன்பது கிலோ குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே என்ன எழுதியிருக்கிறாய்? "இன்னும் ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும், அப்புறம் நான் பழையபடி மனுஷன்." அப்புறம் என்றால்? ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவன் மாதிரியல்லவா நாள் எண்ணுகிறாய்! அது போதாதென்று, ரை ரொட்டி கேக் செய்யச் சொல்லி தங்கச்சி அன்னெலீஸிடம் சொல்லிவை, கிரீம் தாராளமாக இருக்கட்டும் என்று வேறு. படித்ததும் கசக்கி எறிந்தேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்து நீவி வைத்தேன்.

போன வருடமும் இப்படித்தான் இளைத்து வந்தாய். உன் தங்கை ஊர் மண்டபத்தில் காபி மேசை போட்டாள். மெத்தென்ற கேக் ஏழு வகை, மொறுமொறுப்பான பிஸ்கட் ஏழு வகை, வழக்கம் குறையாமல். இளைத்தவனுக்குக் கேக் கொடுத்துக் கொண்டாடும் ஜனங்கள் நம் தென் யூட்லாந்தைத் தவிர வேறெங்காவது இருப்பார்களா? ஒருத்தி செய்ததைத் தொடாவிட்டால் அவள் முகம் தொங்கிப்போகும் என்று பதினான்கையும் ஒரு கை பார்த்தாய். "ஒரு நாள்தானே கெர்டா" என்றாய். மறுநாள் மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்தது. அந்த வாரக் கடைசியில் யாருக்கோ பிறந்தநாள். கோடை முடிவதற்குள் பழைய பெல்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டாய்.

டாக்டர் உன் வலது பாதத்தில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டபோது, "என்ன தெரியணும்?" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும், பிறகு பாதத்தை, என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. நீ பால் லாரி ஓட்டுகிற கால் அது.

பள்ளியில் உனக்கு எடை பார்க்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்களா? இலையுதிர் காலத்தில் சாப்பிட்ட பிறகு தேவாலயம் வரை நடந்துவிட்டு வருவோமே, அது எவ்வளவு நன்றாக இருந்தது! எதிர்காற்றைத் திட்டிக்கொண்டே நடப்பாய். வந்ததும் நிம்மதியாகத் தூங்குவாய். எடை இறங்கவில்லை, இது வெட்டி வேலை என்று நீதான் நிறுத்தினாய். எனக்கு எடை இயந்திரம் காட்டும் எண் வேண்டாம், அந்த நடை திரும்ப வேண்டும். மழையிலும், விருந்தாளி வந்த நாளிலும், உனக்கு அலுப்பாக இருக்கும் நாளிலும் வேண்டும். "அப்புறம்" என்று ஒன்று இல்லை, லவுரிட்ஸ். இதை உன் மண்டையில் எப்படி ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அன்னெலீஸ் ஊர்ப் பெண்களை மண்டபத்தில் கூட்டி, உன் வரவேற்புக்கு யார் எந்த கேக் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை காபி மட்டும் போதும் என்றேன்.

"வெறும் காபியா? ஏண்டி கெர்டா, எழவு விழுந்தாகூட பதினாலும் வைக்கிறோம். எங்கண்ணன் உசுரோட வர்றான்!" என்றாள் உன் தங்கை.

என் வாய் சும்மா இருக்குமா? "உங்கண்ணன் எழவுக்கு நானே பதினாலும் சுடுறேன், இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

அன்னெலீஸ் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவன் வாயாலயே வேண்டாம்னு சொல்லட்டும் பாப்போம்" என்றாள். மேசை போடத்தான் போகிறாள், அவளை மாற்ற முடியாது. உன்னை மாற்றவும் என்னால் முடியவில்லை என்பதில்தான் எனக்கு இத்தனை கோபம்.

அதனால் நீ வரும் நாளில் காரை எடுத்துக்கொண்டு வர மாட்டேன். ஸ்டேஷனில் உன் நடைப் பயிற்சி ஷூவோடு நிற்பேன், இருவரும் நடந்தே போவோம். வழியில் மண்டபம் வரும். உள்ளே போ. எல்லோரையும் கட்டிக்கொள். காபி குடி. தட்டை மட்டும் கையில் வாங்காதே. பக்கத்தில் நானும் தட்டில்லாமல்தான் நிற்பேன். அவர்கள் முகம் தொங்கட்டும், விடிந்தால் சரியாகிவிடும். பிறகு இருட்டுவதற்குள் தேவாலயம் வரை போய்விட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாளும் போவோம்.

கடவுள் உன் காலையும் உன்னையும் எனக்கு விட்டுவைக்கட்டும். அந்தப் பதினான்கையும் நான் சுட வேண்டிய நாளை என் கண்ணில் காட்டிவிடாதே.

உன்,
கெர்டா