அம்மா மணலில் புதைத்த கிழங்கு

அன்பு மகள் அமோடிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடு ரெண்டு, ஆடு எட்டு, எல்லோரும் சுகம். அந்த மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பேரைச் சொல்கிறேன். போனில் பேசலாமே என்பாய், போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். தவிர இது அவளைப் பற்றிய சமாசாரம், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வெட்கம். பாதிரியாரின் தம்பி அங்கே வேலைக்கு வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன டிசம்பரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு தோண்டியபோது அம்மா அடிபடாத கிழங்காக நாற்பது பொறுக்கி, ரெண்டு பிளாஸ்டிக் தொட்டியில் காய்ந்த மணலுக்குள் ஒன்றையொன்று தொடாமல் புதைத்து, உன் அறையில் வைத்தாள். சோரோட்டி டவுனிலிருந்து வந்த விவசாயத்துறைப் பெண் சொல்லிக்கொடுத்தாளாம், கோடையிலேயே முளைத்துவிடும், அதை நட்டுத் தண்ணீர் ஊற்றினால் மழை விழும்போது வயலில் வெட்டி நடக் கொடி தயாராக இருக்குமாம். செத்தவங்களைத்தான் புதைப்பாங்க, நீ சாப்பாட்டைப் புதைக்கிறியே என்றேன். அவள் இன்னும் ரெண்டு பிடி மணலை அள்ளிப் போட்டாள். ஜனவரியில் உன் அத்தை அகுருத் பிள்ளைகளோடு வந்தாள், கிழங்கு அவித்துத் தாயேன் அண்ணா என்றாள். நானும் பெரிய மனுஷனாகத் தொட்டியில் கை வைத்தேன். அம்மா வாசலை மறித்து நின்று, “அமோடிங் அப்பா, கோழியை அறுங்க, ரெண்டு வேணும்னாலும் அறுங்க, இதுல ஒண்ணைத் தொடாதீங்க, வர்ற வருஷம் நட இதுதான் இருக்கு” என்றாள். அத்தை காதில் விழுந்துவிட்டது. மண்ணுக்குப் போடுவாங்களாம், எனக்குப் போட மாட்டாங்களாம் என்று எழுந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நான் ஒன்பது நாள் அம்மாவோடு பேசவில்லை. ஒன்பது நாளும் களியும் கடலைக் குழம்பும் நேரத்துக்கு வந்தது, அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

கிழங்கு முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி நட்டு, ஆடு வராமல் முள் அடைத்து, தினமும் அடிபம்பிலிருந்து மஞ்சள் கேனைத் தலையில் சுமந்தாள். அப்படிச் சுமக்க ஆரம்பித்த பத்தாவது நாள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்ன இந்தப் பக்கம் என்றாள். சைக்கிள் சும்மா நின்னா துரு ஏறுதாம், அதான் வந்திருக்கு என்றேன். சிரித்துவிட்டாள். பம்படியில் ஆம்பளைகள், ஒடெக்கே, பாவாடை எப்ப கட்டப்போறே என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த வருஷம் மழை ஏப்ரல் பாதி வரை வரவில்லை. எல்லோரும் கொடி காப்பாற்றி வைக்கும் சதுப்பு ஓரம் வெடித்துக் கிடந்தது, மிச்சத்தையும் மாடு மேய்ந்துவிட்டது. மழை விழுந்ததும் ஊரே உழுதது, நடத்தான் ஒரு முழம் கொடி இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் மட்டும் பச்சை. பத்தொன்பது வீட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை உன் அம்மா, அறுவடையில நீங்களும் ஒரு தொட்டி புதைக்கணும் என்று மட்டும் சத்தியம் வாங்கினாள். ஆனால் முதல் கொடிக்கட்டை அறுத்து ஈரச் சாக்கில் சுற்றி, உங்க தங்கச்சி உழுதுட்டு வெறுமனே உக்காந்திருக்காளாம், குடுத்துட்டு வாங்க என்று என் சைக்கிளில்தான் வைத்தாள். அகுருத் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். அண்ணி என்னைத் திட்டச் சொன்னாங்களா என்றாள். இல்லை என்றேன். அப்ப நானே திட்டிக்கிறேன் என்று மேல்துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.

போன ஞாயிறு சர்ச் வாசலில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, உன் அம்மா பேரைச் சொல்லி, அசெகெனி புருஷன் நீங்கதானே, அவங்களை எங்க ஊர்ல வந்து இந்தக் கிழங்கு விஷயத்தைப் பேசச் சொல்லணும் என்றார். ஆமாங்க, அசெகெனி புருஷன்தான் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

நீ நின்றே வேலை செய்யாதே, காலுக்கு எண்ணெய் தேய். முதலாளியம்மா கத்தினால் எதிர்த்துப் பேசாமல் எங்களிடம் சொல். கடவுள் உன்னைக் கண்ணைப் போலக் காக்கட்டும். இன்னும் ஒன்று, இதில் எழுதியதை அம்மாவிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை போன் செய்யும்போது நீ படித்துக் காட்டு, நான் மாட்டைப் பார்க்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

உன் அப்பா,
ஒடெக்கே