இடது கை விழித்த வருஷம்

மார்ச் 9

பாலைவனத்திலிருந்து காற்றில் வரும் மஞ்சள் தூசி இன்றும் விடவில்லை. துப்பாக்கி சுடும் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டார்கள். உள்ளே காய்ந்த கணவாய் மீன் நாற்றம். கணவாய் ஒக்பூன் அக்காவின் உபயம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் துப்பாக்கியில் குண்டு போடுவதுதான் அவள் உத்தியோகம். மென்றுகொண்டே போடுவாள்.

"மெதுவா மெல்லுக்கா, சத்தம் காதுக்குள்ள வருது" என்றேன்.

"போட்டியில நான் வாயத் திறந்தா உன்னை வெளிய அனுப்பிருவாங்க. இங்கயாவது திறந்துக்கறேன்" என்றாள்.

சிப்பி உரிக்கும் கொட்டகையில் இருபது வருஷம் இருந்தவள். அவளிடம் வாய் கொடுத்து யார் மீண்டிருக்கிறார்கள்?

மார்ச் 17

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதிவிடுகிறேன்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது போர்வை சரிந்தது. இடது கை அதைப் பிடிக்கப் போனது. பிடிக்கவில்லை. ஆனால் போனது.

விபத்துக்குப் பிறகு தோளிலிருந்து துணிப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்த கை. காலிலிருந்து நரம்பெடுத்துத் தோளில் ஒட்டிய டாக்டரே, "வந்தாலும் வரும், நம்பிக்கிட்டு உட்கார வேணாம்" என்றுதான் சொன்னார். நான் நம்பவும் இல்லை, உட்காரவும் இல்லை. கால்கள் போனது போனதுதான், கையும் அப்படியே என்று தலைமுழுகிவிட்டுத் துப்பாக்கிக்கு வந்தேன்.

சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? வலது கையால் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டேன்.

மார்ச் 18

ஏன் மூடினேன் என்று எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியுமோ என்னவோ.

எங்கள் போட்டிகளில் இரண்டு வகை. துப்பாக்கியைக் கையால் தாங்க முடியாதவர்கள் ஒரு வகை. எங்களுக்கு ஸ்பிரிங் வைத்த ஒற்றைக்கால் தாங்கி உண்டு. கூடத்தில் அதைக் கொக்கு என்போம். ஐந்து கிலோ துப்பாக்கியைக் கொக்கு தாங்கும். குண்டு போட ஓர் ஆள் இருக்கும். கையால் தாங்கக்கூடியவர்கள் வேறு வகை. அவர்களுக்குக் கொக்கும் இல்லை, ஆளும் இல்லை. நகர அணியில் எனக்கு இருக்கும் இடம் கொக்கு வகையில். தேசிய அணித் தேர்வில் நான் மூன்றாவதாக நிற்பதும் அதில்தான். வெளிநாட்டுப் போட்டிக்கு மூன்று பேருக்குத்தான் விமானம்.

செப்டம்பரில் என் கைக்கு மறுபரிசோதனை. கை தேறியது தெரிந்தால் வகையை மாற்றிவிடுவார்கள். அங்கே நான் யார்? சிறுபிள்ளை மாதிரி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, கை பிழைத்தால் துப்பாக்கி போச்சு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 26

அம்மா போன் செய்தாள். "உன் கைக்காகக் கோயில்ல நூத்தியெட்டு தடவை விழுந்து கும்பிட்டேன். முட்டி ரெண்டும் போச்சு."

"போதும்மா. இனிமே கும்பிடாத."

"ஏண்டி அப்படிச் சொல்ற?"

"முட்டி போச்சுங்கறியே, அதான்."

ஏப்ரல் 11

மாட்டிக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டு அறையில், எதிரே ஒக்பூன் அக்கா. சூப் குடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மிஹ்யாங். உன் இடது கை மேஜை மேல இருக்கு."

"வலது கையால தூக்கி வச்சேன்."

"உன் வலது கையில கரண்டி இருக்குடி."

காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். எப்போதிலிருந்து, எவ்வளவு தூரம் வருகிறது, கோச்சுக்குத் தெரியுமா என்று ஒன்று விடாமல் கேட்டாள். சட்டையைத் தூக்கித் தோளை அழுத்திப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். விரல்களை என் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"பாத்தியா இத? குளுந்த தண்ணியில உரிச்சு உரிச்சு ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பக்கம் போவுது. அந்தக் கொட்டகைக்கு நான் திரும்பப் போறதா இல்ல. உனக்குக் கை வந்தா எனக்கு வேலை போயிரும். வாயைப் பொத்திக்க. கையையும் பொத்திக்க."

பொத்திக்கொள்ளத்தான் நானும் நினைத்திருந்தேன். அவள் சொன்னதும் ஏன் எரிச்சல் வந்தது?

மே 2

தேர்வுப் போட்டி. இதுவரை நான் சுட்டதிலேயே இதுதான் அதிகம். கோச் பியோன் என் மதிப்பெண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அப்படி என்னதான் சாப்பிடற?" என்றார். சிரித்து வைத்தேன்.

எனக்குத் தெரியும். முன்பெல்லாம் உடம்பு இடது பக்கம் சரிந்துகொண்டே போகும். இப்போது தோள் இழுத்துப் பிடிக்கிறது. அப்படியானால் இது யார் சுட்ட மதிப்பெண்?

நான்காவது இடம் ஜேசொப்புக்கு. சின்ன வயதிலிருந்தே தசை கரைந்துகொண்டு வரும் பிள்ளை. முடிந்ததும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "போன வருஷம் கன்னத்த நானே துப்பாக்கி மேல வச்சேன்க்கா. இந்த வருஷம் எங்கப்பா தூக்கி வைக்கறாரு. விரல் இருக்கறப்பவே ஒரு தடவை விமானம் ஏறிடலாம்னு பாத்தேன். கொஞ்சம் மோசமாத்தான் சுடேன்!"

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நானும் விளையாட்டுக்கு அவன் தலையில் தட்டினேன். வலது கையால்தான்.

மே 19

சந்தையில் முலாம்பழம் வாங்கினேன். பையை மடியில் வைக்கப் போனால், "முடியலைன்னா விட்டுடுங்க, நாங்க வீட்டுக்கே அனுப்பிடறோம்" என்கிறார் கடைக்காரர். முடியலைன்னா விட்டுடுங்க! இந்த ஒரு பேச்சைக் கேட்டால் போதும், உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிடும். இரண்டு பையாக வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு பையே அதிகம். தின்ன ஆளில்லை.

ஜூன் 6

இன்று முழங்கை மார்பு வரை மடங்கியது. யாரும் பார்க்கவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 5

மழை. ஒக்பூன் அக்கா வீட்டில் வெங்காயத்தாள் அடையும் அரிசிக் கள்ளும். சாப்பிட்டுக்கொண்டே செப்டம்பர் பரிசோதனைக்கு ஒத்திகை. அவள்தான் பரிசோதகர். மூக்கில் கண்ணாடி வேறு மாட்டிக்கொண்டாள்.

"கைய மடக்குங்க, அம்மணி." விட்டேன், விழுந்தது.

"இது செத்த கை மாதிரி இல்லடி. கோவிச்சுக்கிட்டுப் போற கை மாதிரி இருக்கு. இன்னொரு தடவை."

விழுந்தது. "இப்ப நாடகத்துல மயக்கம் போடற மாதிரி இருக்கு. வேகவச்ச சேமியா விழுமே, அப்படி விழணும்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவளும் தரையில் உருண்டாள். நடுவில் திடீரென்று அவள் மட்டும் நிறுத்தினாள். "நாம பண்றது தப்புதான, மிஹ்யாங்?"

"தெரியலக்கா."

"தெரியும்" என்றாள். அடையைத் திருப்பிப் போட்டாள். "சரி, இன்னொரு தடவை."

ஆகஸ்ட் 13

கை இன்று பிசகில்லாமல் செத்தது. அக்கா கைதட்டினாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

எழுந்திரு, எழுந்திரு என்று இந்தக் கையிடம் எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். எழுந்து வந்திருக்கிறது. நாயை அதட்டுகிற மாதிரி, படு என்கிறேன். அதுவும் படுக்கிறது. என்ன பிறவி நான்!

செப்டம்பர் 7

நாளை. அக்கா மூன்று முறை போன் செய்து, "சேமியா, சேமியா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 8

பரிசோதகர் சின்ன வயதுப் பெண். சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து என் முழங்காலுக்கு முன்னால் வந்தாள். இன்னொருவர் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். கூட ஓர் ஆள் இருக்கலாம் என்பதால் ஒக்பூன் அக்கா கதவோரம் நின்றாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

கையை மடக்கச் சொன்னாள். விழுந்தது. மறுபடி. விழுந்தது. சேமியாவேதான். எழுதுகிறவர் தலை நிமிராமல் எழுதினார். அவ்வளவுதான், முடிந்தது, விமானம் ஏறலாம்.

கடைசியாக அந்தப் பெண் என் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "என்னைத் தள்ளிப் பாருங்க." நான் சும்மா இருந்தேன். அவள் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "பரவாயில்ல. முடியலைன்னா விட்டுடுங்க."

தள்ளிவிட்டேன்.

முக்காலி உருண்டு போய் மேஜையில் இடித்தது. தண்ணீர்க் குவளை கவிழ்ந்து காகிதமெல்லாம் நனைந்தது. அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி" என்று கதவோரம் ஒரு குரல். நான் சிரித்தேன். கடவுளே, முதலில் சிரிப்புதான் வந்தது. என்ன செய்துவிட்டேன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"இன்னொரு தடவை தள்ளுங்க" என்றாள் அந்தப் பெண். இப்போது அவள் குரலில் அந்தக் குழந்தைக் கொஞ்சல் இல்லை. தள்ளினேன். முழுதாகத் தள்ளினேன். இதற்கு முன்னால் விழுந்த இரண்டு தடவைக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். "பயம்" என்றேன். எழுதுகிறவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நனையாத தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

நியாயம், நேர்மை, ஜேசொப்பின் விரல் என்றெல்லாம் எழுதிக்கொள்ள ஆசைதான். பொய். அந்த நேரத்தில் எனக்கு யார் நினைவும் வரவில்லை. ஒருத்தி என்னால் முடியாது என்று நினைத்தாள், பொறுக்கவில்லை. அவ்வளவே.

செப்டம்பர் 9

ரயிலில் திரும்பும்போது ஒக்பூன் அக்கா பையிலிருந்து கணவாயை எடுக்கவே இல்லை. ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டபின் சொன்னாள். "அத்தனை மாசம் ஒத்திகை பாத்தோமே. ஒரு நிமிஷம் அடக்கிக்க உன்னால முடியலயா?"

"முடியலக்கா."

"உனக்குக் கை கிடைச்சுது. எனக்கு?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

செப்டம்பர் 15

ஓலை வந்துவிட்டது. வகை மாற்றம். இந்த வருஷ மதிப்பெண்கள் செல்லாது. கை செத்ததாக நடித்ததற்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். நானே தள்ளியதால் தப்பித்தேன் என்றார் கோச். கொக்கு இல்லாத வகையில் நகர அணிக்கு ஆள் தேவை இல்லையாம். டிசம்பரோடு சரி.

"துப்பாக்கிய மட்டும் வசந்தம் வரைக்கும் வச்சுக்க" என்றார். "மே மாசமே எனக்கு சந்தேகம்தான். கேட்டா பதில் சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கல."

ஆக, பயந்தவள் நான் மட்டும் இல்லை.

ஜேசொப் மூன்றாமிடம். செய்தி அனுப்பியிருந்தான்: என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. எனக்கும்தான் என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 26

அறுவடைப் பண்டிகை. வீட்டுக்குப் போனேன். அம்மா பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை இடது கையால் வாங்கினேன். வழியில் விழுந்துவிட்டது. ஆனாலும் வாங்கினேன்.

கத்தியைப் போட்டுவிட்டு என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "என் முட்டி இப்பவே சரியாயிடுச்சு."

இந்த வருஷத்தில் முதல்முறையாக, கை வந்ததற்கு நானும் அழுதேன்.

அக்டோபர் 20

முழங்கைகளை மேஜையில் ஊன்றி, தோள்வாரை இறுக்கி, துப்பாக்கியைத் தூக்கினால் இலக்கு அது பாட்டுக்குக் குதிக்கிறது. பத்து குண்டுக்குள் கை பழைய துணிப்பை ஆகிவிடுகிறது. ஒரு குண்டு பக்கத்து இலக்குக்கே போய்விட்டது. கொக்கைத் திட்டியிருக்கிறேனே எத்தனை தடவை! அது எவ்வளவு பெரிய மனசுக்காரி.

சிப்பி சீசன் தொடங்கிவிட்டது. ஒக்பூன் அக்கா கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள் என்று கோச் சொன்னார். போன் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 4

எடுக்கவில்லை.

நவம்பர் 5

போன் செய்யவில்லை. செய்தி மட்டும் போட்டேன்: 22ஆம் தேதி மாவட்டப் போட்டி. நான் கடைசியாக வருவேன். வந்து பார்த்துச் சிரிக்கலாம்.

நவம்பர் 22

கடைசி இல்லை. கடைசிக்கு முந்தியது.

முதல் குண்டைச் சுட்டதும் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினேன். போடுக்கா என்று அர்த்தம். யாரும் போடவில்லை. பக்கத்து இருக்கை காலி. இடது கை துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, வலது கையால் டப்பியிலிருந்து ஒரு குண்டை எடுத்துப் போட்டேன். இரண்டு குண்டு தரையில் உருண்டது. பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. சிப்பி வாடை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை விட்டுவிடும்.

முடிந்து வெளியே வந்தேன். ஒக்பூன் அக்கா கொட்டகை ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தாள். விரல்களில் பிளாஸ்திரி. கையில் சிப்பிக் கஞ்சி பாத்திரம். பத்து வயசு கூடிப்போயிருந்தாள்.

"குண்டப் போடற அழகப் பாரு. கோழிக்கு அரிசி எறியற மாதிரி" என்றாள்.

"கத்துக் குடேன்."

"என் தலையெழுத்து." மூடியைத் திறந்து கஞ்சியை என் மடியில் வைத்தாள். நான் கரண்டியை எடுக்கக் கையை நீட்டினேன். இடது தோள் சுருக்கென்று இழுத்தது. முகம் கோணியிருக்க வேண்டும். பழைய நரம்பு வலி இல்லை இது. மூட்டை தூக்கினால் வலிக்குமே, அந்த வலி.

"கை வலிக்குதா?"

"பயங்கரமா வலிக்குதுக்கா."

அந்தக் கோணல் விரல்களால் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். கோபம் இன்னும் தீரவில்லை, அழுத்திய அழுத்தத்திலேயே தெரிந்தது.

"நல்லா வலிக்கட்டும்" என்றாள்.