முப்பத்தொன்றாவது சிவப்புத் துணி

சஸ்காட்செவன், கனடா
செப்டம்பர் 14

அன்பு மகள் டெல்ஃபினுக்கு உன் சித்தப்பா ஐசிடோர் எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம், கொசுக்கள் எங்களைவிடச் சுகம். ஸ்காட்லாந்தில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. இனி நான் சொல்லப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் மிச்சமுள்ள நான்கு பற்களின் மேல் சத்தியம் செய்கிறேன்.

போருக்குப் போன நம் க்ரீ பழங்குடி ஆட்களுக்கான நினைவுக்கல்லைப் போன சனிக்கிழமை திறந்தார்கள். கல்லை இறக்கியதும் பூமி சாய்ந்து ஏரி மீன்களெல்லாம் கிழக்குக் கரையில் போய் விழுந்தன, சூப் அண்டாவை உன் அத்தை வெர்னா படகில் ஏறித்தான் கிண்டினாள். முப்பத்தொரு பெயர், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புத் துணி, அவரவர் பிள்ளை வந்து முடிச்சை அவிழ்த்துக் காணிக்கையாகப் புகையிலை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வர முடியாது என்று நீ எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதமாக ஊரெல்லாம் நீ வருகிறாய் என்று சொல்லிவைத்தவன் நான்தான். வெர்னா அப்போதே கேட்டாள், "ஏன்டா, அவ விமானத்துல வராளா, உன் வாயிலேருந்து குதிக்கப்போறாளா?" என்று.

கடைசியாக உன் அப்பா ஆம்ப்ரோஸ் பெயரை வாசித்தார்கள், பிறகு உன் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை. கொரியப் போரிலிருந்து அண்ணன் திரும்பிய நாளில் ரயிலடியில் நின்றது நான் ஒருவன்தான், அன்றுகூட அவ்வளவு அமைதி இல்லை. "சித்தப்பனும் அப்பன்தானேடா, நீயே அவுத்துவிடு, ஜனம் பசியோட நிக்குது" என்றாள் வெர்னா. முறைப்படி சரிதான், கைதான் எழவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த காற்று பந்தலையும் பாதிரியாரையும் தூக்கிப் பக்கத்து மாகாணம் ஆல்பர்ட்டாவில் போட்டது, அந்தத் துணி மட்டும் அசையவில்லை. ஒரு காட்டுமான் வந்து பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனது. எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அண்ணனுக்கு ஒரு தட்டு வைத்துக் கல்லடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தட்டு கேட்டார், கொடுத்தேன்.

இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள், காலையில் வெறும் தேநீரோடு நிறுத்தாதே. போகிற வழியெல்லாம் உன் முன்னோர் துணை நடக்கட்டும். இங்கே அக்டோபர் கடைசியில் பனி விழுந்துவிடும், மறக்காதே.

இப்படிக்கு,
எட்டு ஏரிகளுக்கும் ஒரு நாய்க்கும் அதிபதியான
உன் சித்தப்பா ஐசிடோர்

பி.கு. மீன், காற்று, காட்டுமான் எல்லாம் பொய். அந்த ஒரு துணி இன்னும் கட்டியே இருப்பது நிஜம். தினமும் காலையில் நடந்து போய் முடிச்சை நான்தான் இறுக்கிவிட்டு வருகிறேன்.