குலுங்காத இறக்கம்

மஸ்கட், 8.11.2009

அன்புள்ள ஜோதிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? மாமாவின் மூட்டுவலி தேவலையா?

முந்தாநாள் முதலாளியின் தாயாரை மலையிலிருந்து காரில் இறக்கிவந்தேன். பாதியில் பிரேக் லேசாகச் சூடானது. பயப்படாதே, கியரிலேயே இறக்கிவிட்டேன். இந்தக் காரில் கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இடதுபக்கத் தகட்டை விரலால் இழுத்தால், இன்ஜின் தானே ஒருமுறை உறுமி, குலுக்காமல் கியரைக் குறைக்கிறது. பின்சீட்டில் அந்த அம்மா தூங்கியே போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வலி கண்ட அன்று மேகமலையிலிருந்து எஸ்டேட் ஜீப்பில், வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்து, கியரைக் குறைக்கும்போது ஆக்சிலேட்டரைத் தட்டித்தட்டி இதைத்தானே என் காலால் செய்தேன்! "ஏங்க, தூளியில வர்ற மாதிரி இருக்கு" என்றாயே. அந்தப் பேச்சு எந்தக் காருக்குக் கிடைக்கும்?

கோம்பை விஜயகுமார் லீவு முடிந்து வரும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் பாப்பா படமும் கொடுத்துவிடு. முதலாளி கூப்பிடுகிறார். இந்தக் காரில் என் இடது காலுக்கு வேலையே இல்லை. இறக்கம் வந்தால் மட்டும் கிளட்சைத் தேடுகிறது.

உன்,
சங்கிலி