திருப்பிக் கொடுத்த போன் கால்

8-9-95, வெள்ளி

தாஜ் முகம்மது வீட்டுக் கூடத்தில் இன்று இருந்தவர்கள்: தாஜ் முகம்மது, அவன் பெண்டாட்டி கதீஜா, கதீஜாவின் தம்பி, என் மருமகள் ஜுபைதா பீவி. வாசலில் நான். ஒருத்தரையும் மறக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. என் மகன் மீரா முகைதீன் சவூதியிலிருந்து வெள்ளிதோறும் அடுத்த வீட்டுத் தாஜின் நம்பருக்குப் பேசுவான். கதீஜா மாடியிலிருந்து சத்தம் கொடுப்பாள். நாங்கள் ஓடுவோம். கொஞ்ச நேரத்தில் அவன் மறுபடி போடுவான். இன்று ஜுபைதா முந்திக்கொண்டு ஓடினாள். நான் போய்ச் செருப்பைக் கழற்றுகிறேன், தாஜ் போனை வைக்கிறான்.

"லைன் கட் ஆயிட்டு மாமி."

கட் ஆன போனில் யாராவது "சரிப்பா, வச்சிருதேன்" என்று சொல்லிவிட்டா வைப்பார்கள்? என் காதில் விழுந்ததே. இதோடு மூன்று வெள்ளி. என் பிள்ளை குரலை நான் கேட்டு மூன்று வெள்ளி.

9-9-95

ஜுபைதாவிடம் கேட்டேன்.

"நல்லா இருக்காவ மாமி."

"சாப்பாடெல்லாம்?"

"சாப்பிடுதாவளாம்."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் சாப்பிடுகிறான் என்றால் இவள் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்?

11-9-95

எல்லாம் தாஜ் வேலைதான். எண்பத்திரண்டில் என் மகள் நிக்காஹுக்கு வந்தவன், கறி பத்தவில்லை என்று சஹன் தட்டை விட்டு எழுந்து போனான். அந்த வஞ்சம். கறி பத்தவில்லையாம்! அவன் முன்னால் எத்தனை எலும்பு கிடந்தது என்று நான் இப்போதும் சொல்வேன்.

13-9-95

பேத்தி தஸ்மியா பாடம் படித்துக்கொண்டிருந்தாள். போன் கால் என்ற சொல்லோடு இங்கிலீஷ்காரன் என்னென்ன சேர்த்துச் சொல்வான் என்று டீச்சர் எழுதிவரச் சொல்லியிருக்கிறாளாம். மேக், டேக், மிஸ், ரிட்டர்ன்.

"மேக்னா செய்யுறது, வாப்பும்மா. நாமளா போடுறது."

"ஆப்பம் செய்யுத மாதிரியா?"

சிரித்தாள். டேக் என்றால் வந்ததை எடுப்பது. மிஸ் என்றால் தவறவிடுவது. அதை நான் படிக்கவே வேண்டாம்.

"ரிட்டர்னு?"

"அவங்க போட்டதுக்கு நாம திருப்பிப் போடுறது."

படுத்த பிறகும் அதுதான் ஓடுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் ஒன்று வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? மகன் போன வருஷத்திலிருந்து போடுகிறான். இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் ஒரு தடவை அவனுக்குப் போட்டதில்லை. இந்தத் தெருவிலேயே போட்டதில்லை. சவூதியிலிருந்துதான் போன் வரும், இங்கிருந்து போகாது. யார் வைத்த சட்டம் அது?

15-9-95, வெள்ளி

இன்று என்னைக் கூப்பிடவே இல்லை.

16-9-95

நானே போடப் போகிறேன். நம்பர் எனக்குத் தெரியும். ரயில் ஏறும்போது ஜங்ஷனில் வைத்து ஜுபைதாவிடம் இரண்டு தடவை சொன்னான், அவசரத்துக்கு மட்டும் என்று. அவள் எழுதிக்கொண்டாள். நான் ஓதுகிற மாதிரி மனசில் போட்டுக்கொண்டேன். எடுக்கிறவன் இங்கிலீஷில் பேசினால்? தஸ்மியாவிடம் "ஹோல்ட்" கேட்டு வைத்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு நிற்பது. அது எனக்கு நன்றாக வரும்.

22-9-95, வெள்ளி

போட்டுவிட்டேன்.

லுஹர் தொழுகைக்கு முன்னாலேயே கிளம்பினேன். பஜாரில் சங்கரசுப்பிரமணியன் பூத்.

"வெளிநாடா ஆச்சி? நம்பர் சீட்டைத் தாங்க."

"சீட்டு என்னத்துக்கு? சொல்லுதேன், அமுக்கும்."

அமுக்கினார். மணி அடித்தது. எவனோ எடுத்து இங்கிலீஷில் படபடவென்று பொரிந்தான். "கால் மீரா முகைதீன். மதர். ஐ ஹோல்ட்" என்றேன். அவன் மறுபடி என்னவோ சொன்னான். "ஐ ஹோல்ட்" என்றேன். வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பியே பார்க்கவில்லை.

அப்புறம் என் பிள்ளை குரல். தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"உம்மாவா? உம்மா, நீங்க எப்படி...?"

"நான் இருக்கட்டும். உனக்கு என்னலே?"

வேலை செய்கிற இடத்தில் கட்டடச் சாரம் சரிந்து விழுந்திருக்கிறான். விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. தோள். ஒரு மாசம் ஆஸ்பத்திரி. நேற்றுத்தான் ரூமுக்குக் கொண்டுவந்து விட்டார்களாம். வெள்ளிக்கிழமை பேசினது இவனே இல்லை, கூட இருக்கிற சல்மான் ஃபாரிஸ்.

"தாஜு என்னைக் கூப்பிடாம ஏமாத்திட்டானே."

"இல்லம்மா. நான்தான் சொல்லச் சொன்னேன், உம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு. தாஜ் காக்கா மாட்டேன்னுதான் சொன்னாராம். வாப்பா மவுத்தான செய்தி வந்தப்ப நீங்க விழுந்தது மறக்க முடியலம்மா."

விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். எழுந்திருக்கவில்லையா? குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தது யார்? வந்த சனத்துக்குச் சோறு ஆக்கினது யார்? விழுந்ததை மட்டும் பார்த்து வைத்திருக்கிறான் பிள்ளை!

அதையெல்லாம் கேட்கவில்லை. மூச்சு விடும்போது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். வலிக்கிறதாம்.

23-9-95

ஜுபைதா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு வெள்ளியாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள், பாவி. "எழும்புட்டீ" என்று தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். முழுக்கத் தின்றாள்.

தாஜ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மாமி, பொய் சொல்ல எனக்கு நாக்கே வரலை."

"வரத்தான் இல்லை. கட் ஆன போன்ல பேசுத ஆளு நீ. உள்ள வா, சாயா குடி."

29-9-95, வெள்ளி

அஸர் தொழுகை நேரத்தில் கதீஜாவின் சத்தம். "மாமீ! மீரா முகைதீன்! உங்கள்ட்டதான் பேசணுமாம்!"

ஜுபைதாவை முதலில் போகச் சொன்னேன். தொழுதேன். துப்பட்டியை மடித்து வைத்தேன். பைய நடந்து போனேன். அதுவரைக்கும் அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உம்மா, இன்னும் கோவமா?"

"விலா எப்படி இருக்கு?"

"தேவலம்மா. கோவமான்னு கேட்டேன்."

"அடுத்த வெள்ளி நானே போடுதேன். நீ எடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜுபைதாவை மன்னித்தாயிற்று. தாஜையும் கதீஜாவையும் மன்னித்தாயிற்று. தாங்க மாட்டாள் என்று பெற்றவளை நினைத்த ஒருத்தனை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் வயிற்றில் பிறந்த மீரா முகைதீன்.