கச்சானில் ஒரு கொக்கு

கல்முனை
14.06.2025

அன்புள்ள முர்ஷித் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் நீங்கள் சிரித்தே தப்பிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். சலாம் சொல்லிவிட்டேன், இனிச் சண்டை.

பெருநாள் நல்லபடியாகப் போனது. வாப்பா கல்யாணத்துக்கென்று நமக்குக் கட்டிய வீட்டுக்கு மாபிள் பதித்து முடித்துவிட்டார். கச்சான் காற்றுத் தொடங்கியதால் எங்கும் புழுதி, புது மாபிளைத் துடைத்துத் துடைத்து உம்மாவின் வாய் ஓயவில்லை. நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்புக் காயப் போட்டேன். கச்சான் அள்ளிய அள்ளில் என் ஷோல் மதிலைத் தாண்டிக் கடல் பக்கம் பறந்துவிட்டது. அந்த எரிச்சலோடு உள்ளே வந்து, கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் நம்முடைய ‘கொக்கு’ மென்பொருளின் புதுப் பதிப்பைத் திறந்தேன். அதிலும் கச்சானைப் போட்டு, ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் கூடப்பிறந்த இன்பாஸ் காக்கா வரைந்து வைத்த ஓடுபாதையில் விமானத்தை இறக்கினேன்.

மேற்கிலிருந்து அடிக்கிற காற்று விமானத்தைக் கடல் பக்கம் தள்ள வேண்டும். அது வயல் பக்கம் போகிறது, மச்சான். காற்றைக் கூட்டினால் இன்னும் வேகமாக வயலுக்குப் போகிறது. முந்தின பதிப்பில் இது இல்லை. காற்றுப் பகுதியில் நீங்கள் எதையோ தலைகீழாக எழுதிவிட்டீர்கள். பிழை அறிக்கையை நம் தளத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டிருக்கிறேன்.

கொழும்பில் விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கு இதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பக்கக் காற்றுக்கு எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பிள்ளைகள் இதில்தானே பழகுவார்கள்? பிறகு அதே கையோடு நிஜ விமானத்தில் ஏறுவார்கள். நீங்கள் முகநூலில் போட்ட படத்துக்குக் கீழே ஊரெல்லாம் மாஷா அல்லாஹ் சொல்லியிருக்கிறது. அதில் ஒருவராவது ஓட்டிப் பார்த்தாரா? அந்தப் புகழும் எனக்குத் திகட்டிவிட்டது.

ஆகவே இந்தப் பதிப்புக்கு நான் சரி போட மாட்டேன். கொக்கு எல்லோருக்கும் திறந்தது, யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் எழுதியவரே தன் வேலைக்குச் சரி போடக் கூடாது, வேறொருவர் ஓட்டிப் பார்த்துத் தன் பேரைப் போட்டால்தான் வெளியே விடலாம். அது காக்கா இருக்கும்போது போட்ட சட்டம்.

உங்கள் வாயாடி,
முஸ்பிறா


தோஹா
17.06.2025

அன்பின் முஸ்பிறா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் ஷோலுக்காக வருந்துகிறேன். வரும்போது நாலு வாங்கி வருவேன்.

நீங்கள் சொல்வது சரி. காற்றுப் பகுதியை அவசரத்தில் மாற்றினேன். இப்போது அதைத் திருப்பினால் விமானம் தானாக ஓடும் பகுதி முழுதும் குழம்பிவிடும். திருத்த மாதக்கணக்காகும். பள்ளிக்காரர்கள் ஜூலை ஐந்தாம் திகதி பார்க்க வருகிறார்கள். நானும் லீவில் கொழும்புக்கு வருகிறேன். பிடித்துப்போனால் எனக்கு அங்கேயே வேலை. விளங்குகிறதா? தோஹாவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. உங்கள் வாப்பா கட்டிய வீட்டுக்கு வருஷத்தில் ஒரு மாதம் விருந்தாளி போல வந்து போகிற மாப்பிள்ளையாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்குக் காற்றை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டிக் காட்டுவேன். நான் எப்போதும் அப்படித்தான் சோதிப்பேன். நீங்கள் அந்த அறிக்கையை எடுத்துவிட்டுச் சரி போடுங்கள். மற்றதை நிக்காஹ் முடிந்து ஒரே மேசையில் இருந்து திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்.

திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று என் உம்மா கேட்கிறா.

உங்களையே நினைத்திருக்கும்,
முர்ஷித்


கல்முனை
20.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காற்றை நிறுத்திவிட்டு ஓட்டுவீர்களா? காற்றே இல்லாத ஊர் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். இத்தனை காலம் நீங்கள் சோதித்த முறை இதுதான் என்று படித்தபோது எனக்குச் சீ என்று போய்விட்டது.

நீங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று உங்களை விட எனக்குத்தான் ஆசை. அதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஆனால் இப்படி வர வேண்டாம். பள்ளிக்காரரிடம் உள்ளதைச் சொல்லி நாள் கேளுங்கள். நான் லீவு போட்டு உங்களோடு இருந்து திருத்துகிறேன். என்னோடு படிப்பிக்கும் அன்ரனிற்றாவும் உதவுவாள். நேற்று அவளிடம் ஓட்டக் கொடுத்தேன். விமானம் வயலில் போய் விழுந்ததும், “இது பேய்க் காத்து முஸ்பிறா, ஆரு இப்பிடி எழுதின?” என்று கேட்டாள். என்னைக் கட்டப் போகிறவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று பார்க்கிறேன், என் அறிக்கை தளத்தில் இல்லை. நான் எடுக்கவில்லை. வேறு யாருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாப்பாட்டில் தலைமயிரைக் கண்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

திரைச்சீலையைப் பிறகு பார்ப்போம்.

முஸ்பிறா


தோஹா
25.06.2025

அன்பின் முஸ்பிறா,

ஸலாம். கோபிக்க வேண்டாம். பதிப்பு வெளியே போய்விட்டது. ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சரி போட்டுவிட்டார். சட்டப்படிதான் நடந்திருக்கிறது, ஆகவே இனி உங்கள் தலையில் இந்தப் பாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் எங்கெங்கோ உள்ள ஆண்களெல்லாம் உங்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். உம்மா கேள்விப்பட்டுக் கவலைப்படுகிறா. நிக்காஹ்வுக்குப் பிறகு வீடு வாசல் என்று ஆயிரம் வேலை வரும். விமானத்தைப் பார்க்க நான் இருக்கிறேன்.

கல்யாணக் கார்ட் அச்சுக்குப் போய்விட்டது. தங்க நிற எழுத்து.

உங்கள்
முர்ஷித்


கல்முனை
27.06.2025

முர்ஷித் மச்சானுக்கு,

சரி போட்டவர் யார் என்று பார்த்தேன்.

இன்பாஸ் காக்கா. ஒலுவிலில் நீல டீசேட்டோடு நிற்கிற அதே படம். கீழே, “கச்சானில் இறக்கிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை” என்று. போன கிழமைத் திகதி. அக்கரைப்பற்று ரோட்டில் மோட்டார் சைக்கிள் அடிபட்டு அவர் மௌத்தாகி இரண்டு வருஷமாகப் போகிறது.

அவருடைய கடவுச்சொல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் ஒரு கணினியை வைத்துக்கொண்டுதானே கொக்குவைத் தொடங்கினீர்கள். உம்மா ஒரே கோப்பையில் இரண்டு பேருக்கும் பிட்டும் மீனாணமும் வைப்பா. அவர் உங்களை நம்பிக் கதவைத் திறந்து விட்டுப் போனார், நீங்கள் அந்தக் கதவால் உள்ளே போய் மையித்தின் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறீர்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. படத்தைக் கண்டு அப்படியே நின்றா. “இது எப்ப எழுதின மகள்? புதுசு மாதிரிக் கிடக்கே,” என்றா. அவவின் முகத்தில் ஒரு கணம் வந்து போனதை உங்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. பழையது என்று சொன்னேன். உங்களுக்காக என் உம்மாவிடம் பொய் சொன்னேன். பிறகு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தால் நல்லது. கோபம் ஆறும். இது அருவருப்பு. நீங்கள் கொடுத்தனுப்பிய அத்தர்ப் போத்தலைக்கூட என்னால் தொட முடியவில்லை.

முஸ்பிறா


தோஹா
29.06.2025

முஸ்பிறா,

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதை எழுதும்போது நானும் அழுதேன் என்றால் நம்புவீர்களா? இன்பாஸ் இருந்திருந்தால் எனக்காகச் சரி போட்டிருப்பான். அவன் பேர் கொக்குவில் உயிரோடு இருக்கட்டும் என்றும் நினைத்தேன். யாருக்கு என்ன கெட்டுவிட்டது? ஐந்தாம் திகதி போகட்டும், எடுத்துவிடுகிறேன்.

வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லாம் நாம் ஒரு ஊரில் இருப்பதற்காகத்தான்.

முர்ஷித்


கல்முனை
02.07.2025

முர்ஷித் அவர்களுக்கு,

காக்கா உங்களுக்காகச் சரி போட்டிருக்க மாட்டார். எனக்கே போட்டதில்லை. ஒரு தடவை அவர் திருப்பி அனுப்பியதற்காக நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டாம். என் அறிக்கையைத் திரும்பப் போட்டேன். காக்காவின் பேருக்குக் கீழே, இவர் உயிரோடில்லை, இதை எழுதியவர் முர்ஷித் என்று எழுதினேன். அதைப் பள்ளிக்காரருக்கும் அனுப்பினேன். கொக்கு திறந்த பொருள் என்பதால் முழுதையும் பிரதி எடுத்து, அன்ரனிற்றாவும் நானும் தனியாகத் திருத்தத் தொடங்கிவிட்டோம். தானாக ஓடும் பகுதி நீங்கள் சொன்ன மாதிரிக் குழம்பித்தான் கிடக்கிறது. அதைக் கழற்றி வைத்திருக்கிறோம். ஆனால் கச்சான் அடித்தால் விமானம் இப்போது கடல் பக்கம் போகிறது. நான் திருத்தியதை அன்ரனிற்றா ஓட்டிப் பார்த்துத்தான் சரி போட்டாள்.

உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். காக்காவுக்காக யாசீன் ஓத உட்கார்ந்துவிட்டா.

வாப்பாவிடமும் சொன்னேன். தங்க எழுத்துக் கார்ட் வந்து மேசையில் கிடந்தது. வாப்பா அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“நிக்காஹ்வுக்கு ரெண்டு சாட்சி வேணும் மகள்,” என்றார். “இவர் ஆரைக் கொண்டு வருவாரு?”

கார்டுகளை உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டோம்.

இன்பாஸின் தங்கை,
முஸ்பிறா